பேனும் தாய்வழிச் சொத்து

கல்முனைக் கரையில் வீடு மகளுக்கு; வளவும் மகளுக்கு. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்து சேருவார். என்ன குடி என்று யாராவது கேட்டால் உம்மாவின் குடியைத்தான் சொல்லுவோம். வாப்பாவின் குடி அவருடைய தங்கச்சிமாரோடு போய்விடும். டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1969 இல் அக்கரைப்பற்றுக்கு வந்து, எங்கள் கரையின் குடிமுறையையும் சீதன வீட்டையும் துருவித் துருவிக் கேட்டு, 2008 இல் பெரிய புத்தகமாகவே போட்டுவிட்டார். ஆனாலும் தாய்வழி இறங்குகிற ஒரு சொத்தைப் பற்றி எங்கள் பெண்கள் அவரிடம் வாய் திறந்திருக்க மாட்டார்கள். அது பேன்.

மூத்தம்மாவின் தலையிலிருந்து உம்மாவுக்கு, உம்மாவிடமிருந்து எனக்கு, எனக்குக் கீழே தங்கச்சிக்கு என்று உறுதி இல்லாமல், நொத்தாரிசு இல்லாமல், முத்திரைச் செலவில்லாமல் கைமாறிய ஒரே ஆதனம் அதுதான். அதில் வழக்கு வந்ததில்லை. எனக்குப் பங்கு குறைந்துவிட்டது என்று யாரும் மரைக்காயரிடம் போய் முறையிட்டதும் இல்லை.

ஆண்பிள்ளைகளுக்கு இந்தச் சொத்தில் பெரிதாகப் பங்கு கிடைக்கவில்லை. ஒஸ்தா மாமா தகரப் பெட்டியோடு வருவார். காக்காவையும் தம்பியையும் வேப்பமரத்துக்குக் கீழே குந்தவைத்துத் தலையை வழித்துவிட்டுப் போவார். அதோடு அவர்களுக்குப் பிரச்சினை முடிந்தது. நாங்கள் இடுப்புக்குக் கீழே பின்னல் தொங்க, அந்த மொட்டைத் தலைகளைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருப்போம். பெண்ணுக்குத் தலைமயிர் அழகு என்று ஊர் சொன்னது. அந்த அழகில் யார் குடியிருக்கிறார்கள் என்பதை அது சொல்லவில்லை.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் வீட்டில் ஒரு நாளின் நடு இப்படி இருக்கும். லுஹர் தொழுது, சோறு தின்று, சட்டி பானையைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. அஸருக்கு வாங்கு சொல்ல இன்னும் நேரம் இருக்கிறது. குசினிப் படியில் மேல்தட்டில் மூத்தம்மா, அவவுக்குக் கீழே உம்மா, உம்மாவுக்குக் கீழே நான். எனக்குக் கீழே படி முடிந்துவிடுவதால் தங்கச்சி மணலில் இருப்பாள். ஒவ்வொருத்தரும் தனக்கு முன்னால் இருக்கிற தலையைப் பார்ப்பார்கள். கிடுகு வேலிப் பொட்டுக்குள்ளால் பக்கத்து வளவு மாமி குனிந்து வருவா, பின்னால் தன் மகளையும் இழுத்துக்கொண்டு. எங்கள் படியில் இடமில்லாவிட்டால் அம்மியைப் புரட்டிப் போட்டு அதில் குந்துவா.

“இஞ்ச வா புள்ள, தலையக் காட்டு.”

“மறுகா பாக்கலாம் மூத்தம்மா.”

“பேனுக்கு மறுகா எண்டு ஒண்டு இல்ல. வா.”

மூத்தம்மா பேன் பார்ப்பது ஒரு வித்தை. முதலில் தேங்காயெண்ணெயைத் தலை நிறைய வார்த்து, மயிரை வகிடு வகிடாகப் பிரிப்பா. காதுக்குப் பின்னாலும் பிடரியிலும்தான் முதலில் தேடுவா. பேன் அங்கேதான் விரும்பி முட்டையிடும் என்பது எந்தப் புத்தகத்திலும் படிக்காமல் அவவுக்குத் தெரியும். ஓடுகிற பேனை விரல் நுனியால் அமத்திப் பிடித்து, இடது பெருவிரல் நகத்தில் வைத்து வலது பெருவிரல் நகத்தால் ஒரு அழுத்து. ‘டிக்.’ முழுப் பேனுக்கு ஒரு சத்தம், குஞ்சுப் பேனுக்கு ஒரு சத்தம், ஈருக்கு இன்னொரு சத்தம். ஈர் லேசில் வராது. தாய்ப் பேன் அதை மயிரில் பசை வைத்து ஒட்டிவிட்டுப் போயிருக்கும். ஒற்றை மயிரை இரண்டு நகத்துக்கும் இடையில் பிடித்து, அடியிலிருந்து நுனிவரை இழுத்துத்தான் எடுக்க வேண்டும். கண் மங்கிய காலத்திலும் மூத்தம்மா அந்த வேலையை விடவில்லை. பார்வை போனாலும் விரல் இருந்தது. எத்தனை விழுந்தது என்பதைச் சத்தத்தில் கணக்கு வைத்தா.

அந்தப் படியில் பேன் மட்டுமா விழுந்தது? யார் வீட்டு மகன் சவுதிக்குப் போகிறான், எந்த வீட்டுச் சம்பந்தம் முறிந்தது, மருதமுனையில் எந்தத் தறியில் நல்ல சாறன் வாங்கலாம், நிந்தவூர்ப் பக்கம் வயல் வெட்டு எப்போது தொடங்கும் என்று எல்லாம் அங்கேதான் தெரியவரும். சில கலியாணங்களுக்கு முதல் பேச்சும் அங்கேதான் விழுந்தது. பெண் பார்க்க வருகிற பெண்கள் முக்காட்டை விலக்கிப் பின்னலைக் கையில் தூக்கிப் பார்ப்பார்கள். நீளம் பார்க்கிறோம் என்பார்கள். ஆனால் விரல் மெதுவாகக் காதுக்குப் பின்னால் போகும். பொண்ணின் உம்மாவுக்கு அந்த நேரம் மூச்சு நின்றுவிடும். அதற்காகவே ஒரு கிழமைக்கு முன்னாலிருந்து அந்தப் பிள்ளையின் தலையில் நாலு பெண்கள் மாறி மாறி வேலை செய்திருப்பார்கள்.

பிறகு ஊரடங்குச் சட்டங்களின் காலம் வந்தது. பள்ளிக்கூடம் இல்லை, சந்தை இல்லை, ஆண்கள் வெளியே போக வழியில்லை. பெண்களுக்கு மட்டும் வேலை ஓயவில்லை. ரேடியோவில் யுத்தச் செய்தி ஓடும். படியில் ‘டிக்’ சத்தமும் ஓடும். அந்த நாட்களில் எங்கள் தலைகள் சுத்தமாக இருந்த அளவுக்குப் பிறகு எப்போதும் இருந்ததில்லை.

சீப்பு கொடியேற்றத்தில் வாங்கியது. கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரால் கொடி ஏறும் நாட்களில் மணலில் காப்புக் கடை, மாலைக் கடை, பலகாரக் கடை எல்லாம் முளைத்துவிடும். அங்கே இரண்டு பக்கமும் பல் வைத்த மரச் சீப்பு கிடைக்கும். ஒரு பக்கம் ஐதாக, சிக்கெடுக்க. மறுபக்கம் மருதமுனைத் தறியின் அச்சைப் போல நெருக்கமாக, பேனெடுக்க. நாங்கள் எதையோ பட்டிக்காட்டுத்தனமாகச் செய்துகொண்டிருக்கிறோம் என்ற நினைப்பு அப்போதே எனக்கு உண்டு. ஆனால் இந்தச் சீப்புக்கு வயது என்னவென்று 2022 இல் தெரியவந்தது. பழைய கன்ஆன் நாட்டின் லாகிஷ் நகரில் கிடைத்த யானைத் தந்தச் சீப்பு ஒன்றில் கீறியிருந்த எழுத்தை அந்த ஆண்டில் வாசித்தார்கள். கிறிஸ்துவுக்கு முன் 1700 அளவில் செய்யப்பட்டது. அதற்கும் இரண்டு பக்கம் பல். நெடுங்கணக்கு எழுத்தில் இதுவரை கிடைத்த மிகப் பழைய முழு வாக்கியம் அதில்தான் இருக்கிறது. ராஜாவைப் பற்றியா, போரைப் பற்றியா? இல்லை. தலையிலும் தாடியிலும் இருக்கிற பேன் ஒழிய வேண்டும் என்ற வேண்டுதல்! பல்லிடுக்கில் பேன்குஞ்சின் மிச்சம்கூட இருந்ததாம். நெடுங்கணக்கில் எழுதக் கற்றவுடன் மனிதன் முதலில் முறையிட்டது இதைப் பற்றித்தான் என்றால், மூத்தம்மா வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை.

நகமும் சீப்பும் போதாத தலைகளுக்கு வைத்தியம் இருந்தது. வேப்பெண்ணெய் சாதுவானது, நாற்றத்தைத் தவிர வேறு குற்றம் இல்லை. அடுத்தது மண்ணெண்ணெய். தலையில் ஊற்றித் துணியால் கட்டிவிடுவார்கள். பேன் செத்ததோ இல்லையோ, தோல் பொரிந்து எரியும். அந்தத் தலையோடு பிள்ளை குப்பி விளக்கடியில் இருந்து பாடம் படிக்கும்! எத்தனை தலைகள் பற்றாமல் தப்பின என்று நினைத்தால் இப்போது வயிறு கலங்குகிறது. மூன்றாவது, அன்னமுன்னா விதையை அரைத்துப் பூசுவது. அதில் பேன் சாகும் என்பது உண்மை. ஆனால் ஒரு துளி கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும்; இந்தியக் கண் மருத்துவர்கள் அப்படி வந்த நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கு அப்போது இருந்த ஒரே பாதுகாப்பு ஏற்பாடு, “கண்ண இறுக்கி மூடிக்கொள்” என்ற உம்மாவின் கட்டளைதான்.

இதற்கு மேலே அரசாங்க மருந்தும் ஒன்று இருந்தது. 1946 இலிருந்து மலேரியாவுக்கு டிடிடி அடித்த கதையை உம்மா சொல்லுவா. 1963 இல் நாடு முழுக்க வெறும் 17 மலேரியா நோயாளிகள்தான் என்று கணக்கு வந்தது. வேலை முடிந்தது என்று கையை ஓய்த்தார்கள். ஐந்தாறு வருடத்துக்குள் காய்ச்சல் லட்சக்கணக்கில் திரும்பி வந்தது. டிடிடிக்கு நுளம்பு பழகிப்போனதால் 1977 இல் மலத்தியோன் அடிக்கத் தொடங்கினார்கள். அதுதான் நான் கண்டது. முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு வருகிற ஆட்கள், சுவரெல்லாம் வெள்ளைத் திட்டு, நாலு நாளைக்கு வீட்டுக்குள் இருக்க முடியாத நாற்றம். அதே மலத்தியோனை அரை வீதம் கலந்து, அழகான போத்தலில் அடைத்து, வெளிநாடுகளில் பேன் மருந்தாக விற்றுக்கொண்டிருந்தார்கள் என்று பின்னால் தெரிந்தது. எங்கள் சுவருக்கு இலவசமாகக் கிடைத்தது அவர்கள் தலைக்குக் காசுக்குக் கிடைத்திருக்கிறது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. பேனைப் பற்றி அப்படி ஒரு அறிவிப்பை எந்த நாடும் இன்னும் பெறவில்லை.

ஓதப்பள்ளியில் பேனுக்கு வேறு மதிப்பு. லெப்பை எங்களுக்குப் பிர்அவ்னின் கதையைச் சொல்லிக் கொடுத்தார். வெள்ளம், வெட்டுக்கிளி, பேன், தவளை, இரத்தம் என்று அவனுடைய கூட்டத்துக்கு வந்த சோதனைகள் சூரத்துல் அஃராபில் வருகின்றன. அவர் பேன் என்று சொன்ன இடத்தில் பாயில் இருந்த பெண்பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் தலையைச் சொறிந்தோம். பேன் குத்தினால் வுழூ முறியுமா என்று ஒருத்தி கேட்டாள். “முறியாது. ஆனா கையக் கழுவிட்டு முஸ்ஹபத் தொடு” என்றார் அவர். சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை.

பேனுக்காக ஏசக்கூடாது என்பதற்கு அவரிடம் இன்னொரு கதை இருந்தது. ஹிஜ்ரி ஆறாம் ஆண்டு, ஹுதைபியா. கஅப் இப்னு உஜ்ரா (ரழி) என்ற தோழர் இஹ்ராமில் இருந்தார். இஹ்ராமில் மயிர் களைய முடியாது. அவர் முகத்தில் பேன் உதிர்ந்துகொண்டிருந்ததை நபி (ஸல்) அவர்கள் கண்டார்கள். இவ்வளவு கஷ்டப்படுகிறீரா என்று இரங்கி, தலையை மழிக்க அனுமதி கொடுத்தார்கள். பரிகாரமாக மூன்று நாள் நோன்பு, அல்லது ஆறு ஏழைகளுக்குச் சாப்பாடு, அல்லது ஒரு ஆடு. அந்தச் சலுகை அவருக்கு மட்டும் என்று நிற்கவில்லை. தலையில் உபாதை உள்ள எல்லாருக்கும் சூரத்துல் பகராவின் 196 ஆம் வசனத்தில் சட்டமாகவே இருக்கிறது. பேன் வந்த மனிதரை ஒருவரும் தள்ளிவைக்கவில்லை, சட்டத்தைத்தான் இளக்கினார்கள். இந்தக் கதை இன்றைக்கும் ஓதப்பள்ளிகளில் சொல்லப்படுகிறது. வீட்டுக்கு வந்தால் மறந்துபோகிறது.

2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் மௌத்து. மிஞ்சியவர்கள் பள்ளிக்கூடங்களிலும் பள்ளிவாசல்களிலும் பாய் போட்டுப் படுத்தார்கள். ஒரு வகுப்பறையில் ஏழெட்டுக் குடும்பம். தலைகள் நெருக்கமாகக் கிடந்தால் பேனுக்கு வேறென்ன வேண்டும்? நிவாரணப் பொதிகளில் சவர்க்காரம் வந்தது, பற்பசை வந்தது, குளிர்நாட்டுக் கம்பளிச் சட்டைகூட வந்தது. பேன் சீப்பு மட்டும் வரவில்லை. நல்ல வேளை, அது தலைப்பேன். சீலைப்பேனாக இருந்திருந்தால் கதை வேறு. 1909 இல் துனிஸ் நகரத்து வைத்தியசாலையில் சார்ல்ஸ் நிக்கோல் ஒன்றைக் கவனித்தார்: டைபஸ் காய்ச்சல்காரர்கள் வாசல்வரை மற்றவர்களுக்கு நோயைக் கொடுக்கிறார்கள், குளித்து உடுப்பு மாற்றி உள்ளே வந்த பிறகு கொடுப்பதில்லை. உடுப்பில் இருந்த பேன்தான் நோயைக் காவியது என்று கண்டுபிடித்து 1928 இல் நோபல் பரிசும் வாங்கினார். தலைப்பேனுக்கு அந்தக் கெட்ட குணம் இல்லை. கடிக்கும், சொறியவைக்கும், சொறிந்த இடம் புண்ணாகலாம். அவ்வளவுதான் அதன் அட்டகாசம்.

அந்த முகாமில் ஒரு பெண்ணைக் கண்டேன். தன் பிள்ளைகள் இரண்டையும் கடலுக்குக் கொடுத்தவ. யாருடைய பிள்ளை என்று பார்க்காமல், வருகிற பிள்ளைக்கெல்லாம் தலை வாரிப் பேன் எடுத்துக்கொண்டிருந்தா.

இப்போதைய கதைக்கு வருவோம். என் மகளின் வீடு, அதாவது நான் சீதனமாகக் கொடுத்த வீடு, மாபிள் பதித்தது. வேலி போய் மதில் வந்துவிட்டது. மதிலில் பொட்டு வைக்கிற வழக்கம் இல்லை. குசினிப் படியும் இல்லை. குசினி மேசை உயரத்துக்கு ஏறிவிட்டது. பேத்தி மூன்றாம் வகுப்பு. காலையில் பள்ளிக்கூடம், பின்னேரம் ரியூசன், பிறகு குர்ஆன் மத்ரசா, அதற்குப் பிறகு தாய் கொடுக்கிற போன். லுஹருக்கும் அஸருக்கும் இடையில் இந்த நாட்டில் யாருக்கும் இப்போது நேரம் இல்லை.

ஒருநாள் அவள் சொறிந்தாள். மகள் கண்டாள். உடனே அறைக்குள் கூட்டிப்போய் ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, மின்விசிறியை முழு வேகத்தில் போட்டுவிட்டுத்தான் தலையைப் பார்த்தாள். நான் கதவடியில் நின்று, “என்ன புள்ள, பேனா?” என்றேன்.

“மெதுவாப் பேசுங்க உம்மா! பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.”

பக்கத்து வீட்டு ஜன்னலும் சாத்தித்தான் இருந்தது. அந்த வீட்டுச் சின்னவளும் நம் பேத்தியும் ஒரே வகுப்பு. பின்னேரத்தில் இரண்டும் ஒரு போனில் ஒரு காட்டூனை, நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டு பார்க்கும். பேனுக்குச் சிறகு இல்லை, பாயவும் தெரியாது. நிமிசத்துக்கு 23 சென்ரிமீற்றர் நடக்கும். ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குப் போக அதற்கு ஒரு பாலம் வேண்டும். அந்தக் காலத்தில் நாங்கள் ஒரே பாயில் படுத்துப் பாலம் போட்டோம். இந்தப் பிள்ளைகள் ஆறு அங்குலத் திரைக்கு மேலே போடுகிறார்கள்.

வகுப்புத் தாய்மாருக்கு ஒரு வட்ஸ்அப் குழு உண்டு. அன்றைக்கு இரவு டீச்சரின் குரல் வந்தது: பெற்றோர்கள் பிள்ளைகளின் தலையைக் கொஞ்சம் கவனிக்கவும். குழுவில் எல்லாரும் சரி டீச்சர், நன்றி டீச்சர் என்று போட்டார்கள். தனித்தனியாக ஒருத்திக்கு ஒருத்தி போட்டது வேறு: “ஆருட புள்ளையாம்?” எல்லாருடைய பிள்ளைக்கும் இருந்தது. எல்லாரும் அடுத்தவளின் பிள்ளையைச் சந்தேகித்தார்கள். அதில் ஒருத்தி, பேன் உள்ள பிள்ளைகளை வீட்டில் நிறுத்த வேண்டும் என்றும் யோசனை சொன்னாள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம்கூட, பேனுக்காக ஒரு பிள்ளையையும் வகுப்பிலிருந்து அனுப்பக்கூடாது என்கிறது. பேன் கண்ணில் படுவதற்குள் அது வந்து வாரக்கணக்காகியிருக்கும். அன்றைக்கு அனுப்பி என்ன மிச்சம்? பாடம்தான் நட்டம்.

மருந்து வாங்க மகள் சொந்த ஊர்ப் பாமசிக்குப் போகவில்லை. மூன்று ஊர் தாண்டி ஒரு கடைக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

“தம்பி, அந்த... தலைக்கு வைக்கிற ஒண்டு.”

“டையா ராத்தா?”

“இல்ல. மற்றது.”

“பொடுகுக்கா?”

“ஓம். பொடுகு மாதிரித்தான்.”

“நடக்கிற பொடுகா ராத்தா?”

பையன் சிரிக்காமல் கேட்டான். ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு இந்தக் கேள்வியைக் கேட்கிறானோ! கறுப்புப் பையில் சுற்றிக் கொடுத்தான். அந்தக் கறுப்புப் பைக்குள் என்ன வைத்துக் கொடுப்பார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

போத்தலில் இருந்தது பேர்மெத்ரின், ஒரு வீதம். மோசமான மருந்தில்லை. பத்து நிமிசம் வைத்துக் கழுவினால் உயிருள்ள பேனில் பெரும்பாலானது சாகும். ஆனால் ஈருக்கு அது சரியாக வேலை செய்யாது. பேன் நாளைக்கு ஆறு, எட்டு என்று முட்டையிடும். அது எட்டு ஒன்பது நாளில் பொரிக்கும், பொரித்த குஞ்சு இன்னும் ஒன்பது பன்னிரண்டு நாளில் முட்டையிடத் தயாராகும். அதனால்தான் ஒன்பதாம் நாள் அளவில் மருந்தைத் திரும்ப வைக்கச் சொல்லி போத்தலில் எழுதியிருக்கிறது. அதை வாசிக்க யாருக்கு நேரம்? முதல் நாள் செத்த பேனைக் கண்டவுடன் வெற்றி விழா. மூன்றாம் கிழமை திரும்பச் சொறிவு. “மருந்து சரியில்ல உம்மா” என்று அடுத்த போத்தல். இப்படி அரைகுறையாக வைத்து வைத்து, பல நாடுகளில் பேன் இந்த மருந்துக்குப் பழகிவிட்டது. டிடிடிக்கு நுளம்பு பழகிய அதே கதை.

கட்டாரில் இருக்கிற மருமகனுக்கு விசயம் போனது. அந்தக் காலத்தில் சவுதி போனவர்கள் கோடாலித் தைலமும் கம்பளியும் அனுப்புவார்கள். இவர் தோஹாவிலிருந்து இரும்புப் பல் வைத்த பேன் சீப்பு ஒன்றை, ஊர் வருகிற ஒருவரிடம் பவ்வியமாகக் கொடுத்தனுப்பினார். பல்லில் நுண்ணிய வரி போட்டிருந்தார்கள், ஈரைக்கூட விடாதாம். நல்ல சீப்பு. நான் அதை எடுத்து ஒரு பக்கத்தைப் பார்த்தேன், மறுபக்கத்தையும் பார்த்தேன். கொடியேற்றச் சீப்பில் இருந்த சிக்கெடுக்கும் பக்கம் மட்டும் இதில் இல்லை.

இடையில் உலகத்துக்கும் நாட்டுக்கும் சில பாடங்கள் கிடைத்தன. 2020 இல் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது பேன் தொல்லை குறைந்தது என்று ஆர்ஜென்ரீனாவின் புவனஸ் அயர்ஸ் நகரத்து ஆய்வாளர்கள் எழுதினார்கள். பாலம் இல்லாவிட்டால் பயணம் இல்லை. 2022 இல் எங்கள் நாட்டின் பொருளாதாரம் விழுந்தபோது மண்ணெண்ணெய்க்கு மீன்பிடிக்காரர் போத்தலோடும் கானோடும் வரிசையில் நின்றார்கள். அந்த ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே இரவில் ஏறியது. அதோடு ஏழை வீட்டுப் பேன் வைத்தியமும் ஆடம்பரப் பொருளாகிவிட்டது. மருத்துவர்கள் இத்தனை வருடமாக, தலையில் மண்ணெண்ணெய் வைக்காதீர்கள் என்று சொல்லி நடக்காததை விலைப் பட்டியல் ஒரு நாளில் நடத்திக் காட்டியது.

கடைசியில் மகள் ஒரு டொக்டரிடம் போனாள். அவர் போத்தல் எதுவும் எழுதவில்லை. தலையைக் கழுவி, மயிர் வழுக்க கொண்டிஷனர் பூசி, ஈரத்தோடு வகிடு வகிடாகப் பிரித்து, அடியிலிருந்து நுனிவரை பேன் சீப்பால் இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். முதல் நாள், ஐந்தாம் நாள், ஒன்பதாம் நாள், பதின்மூன்றாம் நாள் என்று விடாமல் செய்ய வேண்டும் என்றார். இங்கிலாந்தில் இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்களாம். மகள் வீட்டுக்கு வந்து, புதிய சிகிச்சை முறை ஒன்று வந்திருக்கிறது என்று எனக்கு விளங்கப்படுத்தினாள். கொண்டிஷனருக்குப் பதில் தேங்காயெண்ணெய், டொக்டருக்குப் பதில் மூத்தம்மா என்று வைத்துக்கொண்டு நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஐம்பது வருடத்துக்கு முன் இலவசமாகக் கிடைத்தது இப்போது ஆலோசனைக் கட்டணத்தோடு வருகிறது.

அந்தக் காலம் தங்கக் காலம் என்று நான் சொல்லமாட்டேன். மண்ணெண்ணெய்த் தலையும் அன்னமுன்னா எரிச்சலும் திரும்ப வரவேண்டாம். பெண்களின் பின்னேரம் முழுக்கப் படியிலேயே கழிந்ததும் ஒரு பெருமையில்லை. என் மகள் வேலைக்குப் போகிறாள் என்பதில் எனக்குச் சந்தோசம்தான். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு எங்களுக்குப் பேன் இருந்தது. அதை ஊரறிய எடுத்தோம். இன்றைக்கும் பேன் இருக்கிறது. ஒவ்வொரு வீடும் அதைத் தனித்தனியாக ஒளித்துவைத்து, பிள்ளைகள் வழியாக ஒருவருக்கொருவர் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு வீடு மட்டும் துப்புரவானால் பேன் ஒழியாது. அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் இருப்பது நாளைக்கே திரும்பி வரும்.

ஆகவே தாய்மாரே, பிள்ளைக்குப் பேன் கண்டால் மண்ணெண்ணெயும் விதை அரைப்பும் வேண்டாம், மூன்று ஊர் தாண்டியும் போகவேண்டாம். முதலில் ஜன்னலைத் திறந்து பக்கத்து வீட்டுக்குச் சொல்லுங்கள்: “எங்கட புள்ளைக்குப் பேன், உங்கட புள்ளட தலையையும் பாருங்க.” போத்தல் மருந்து வைப்பதென்றால் ஒன்பதாம் நாள் இன்னொரு முறை வையுங்கள். சீப்பு மட்டும் என்றால், இரண்டு வீடும் ஒரே நாளில் தொடங்கி, நாலு நாளைக்கு ஒருமுறை, பதின்மூன்றாம் நாள் வரை விடாமல் வாருங்கள்.